பதினொரு நாளில் ஐம்பத்தெட்டு நிமிடம்

இதை என் மச்சான் படித்தால் முதலில் தேதிகளைத்தான் சரிபார்ப்பார். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்புறம்தான் பார்ப்பார். அதனால் தேதிகளில் நான் கவனமாக இருக்கிறேன். மற்றதெல்லாம் என் இஷ்டம்.

சுங்கைப் பட்டாணியில் என் சோற்றுக்கடைக்கு வருகிறவர்கள், "ஏன் மோரிஸ், நல்ல கப்பல் வேலைய வுட்டுட்ட?" என்று கேட்பார்கள். மச்சான் இறக்கிவிட்டார் என்பேன். உடனே என்மேல் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வரும். முழுக் கதையையும் கேட்காமல் யாரும் என்மேல் பரிதாபப்படக் கூடாது.

மச்சான் பெயர் இஞ்ஞாசிமுத்து. என் அக்கா ஜோசபினின் கணவர். பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தார். பிறகு சுங்கைப் பட்டாணியில் மாலை வகுப்பில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, ரப்பர் ஆலையில் பத்து வருடம் மின்சார வேலை பார்த்தார். 1979இல் 'செனாங்கின்' என்ற ஆய்வுக் கப்பலில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். எந்த ஆழத்தில் என்ன மீன் இருக்கிறது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொண்டே போகும் கப்பல் அது. இரண்டு வருடம் கழித்து அதன் சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டபோது என்னையும் சேர்த்துவிட்டார்.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடிகாரம் தவறாக ஓடினால் நீங்களும் நானும் முள்ளைத் திருப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவர் முதலில் நோட்டை எடுப்பார். எந்தக் கடிகாரம், எத்தனை நிமிடம், முன்னாலா பின்னாலா என்று எழுதி முடித்த பிறகுதான் முள்ளைத் தொடுவார். திகாம் பத்துவில் அவர் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்துக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அக்கா அதைப் பார்த்துப் பல தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் 1982 புத்தாண்டன்று அவளுக்கே பெருமை பிடிபடவில்லை. அன்றைக்குத்தான் நம் பக்கத்து நேரத்தை அரசாங்கம் அரை மணி முன்னால் தள்ளியது. காலைப் பூசைக்கு எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பிரசங்கம் முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மச்சான் குடும்பம் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தாமதமாக வந்தவர்களில் நானும் ஒருவன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் நான்கு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே இருந்தார். நிரந்தரம் ஆக்கும் கடிதம் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருவழியாக 1983 ஜூலையில் அந்தக் கடிதம் டைப் அடிக்கப்பட்டு, கப்பலின் தலைமை ஆய்வாளர் டாக்டர் ஹாஷிமின் பையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இந்தப் பயணம் முடிந்ததும் போடுகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதற்குள் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 19, செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். கடலில் பன்னிரண்டு நாள்.

கப்பலில் ஏழு கடிகாரங்கள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் ஒரு தாய்க்கடிகாரம் மேல்தட்டு வரைபட அறையில் இருந்தது. அதுதான் உண்மையாக ஓடும். நிமிடத்துக்கு ஒரு தடவை கம்பி வழியாக ஒரு சின்ன மின்துடிப்பு அனுப்பும். அது கிடைத்ததும் மற்ற கடிகாரங்கள் ஒரு நிமிடம் நகரும். அவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கம்பி கேப்டன் அறையில் தொடங்கி, இயந்திர அறை, சமையலறை என்று போய், கடைசியாகக் கப்பலின் பின்பக்க ஆய்வுக்கூடத்தில் முடியும்.

தினமும் காலை எட்டு மணிக்கு மச்சான் ரேடியோவில் நேரம் கேட்டுத் தாய்க்கடிகாரத்தைச் சரிபார்ப்பார். பிறகு கப்பலைச் சுற்றி வந்து ஏழு கடிகாரங்களையும் பார்த்து எழுதுவார். அந்தப் பயணத்தில் பின்பக்க ஆய்வுக்கூடத்துக் கடிகாரம் மட்டும் கிட்டத்தட்ட தினமும் பின்தங்கியது. ஒருநாள் நான்கு நிமிடம், ஒருநாள் ஆறு, ஒருநாள் எட்டு. டாக்டரிடம் சொன்னார். டாக்டருக்கு ஆயிரம் வேலை. திருப்பி வைத்துவிடு என்றார்.

பத்தாம் நாள், யான் ஊருக்கு நேராக, குனோங் ஜெராய் மலை தெரிகிற இடத்தில் கப்பல் நின்றிருந்தபோதுதான் விஷயம் வெடித்தது. கடலாழத்தை வரையும் காகிதச் சுருள் தாய்க்கடிகாரத்தின் நேரத்தில் ஓடுகிறது. வலையில் வந்ததையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பின்பக்கக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வலை நாற்பது மீட்டர் ஆழத்தில் இருந்த நேரம் என்று ஒன்று சொல்கிறது, இல்லை, அப்போது வலை தட்டுக்கே வந்துவிட்டது என்று இன்னொன்று சொல்கிறது. எந்த மீன் எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதே தெரியவில்லை. அந்தத் தவறு எந்த நிமிடத்தில் நடந்தது என்று சொல்ல முடியாவிட்டால், பத்து நாள் வேலையும் குப்பைக்குத்தான்.

கடிகாரங்களைச் செய்து கொடுத்த கம்பெனியின் இன்ஜினியரோடு டாக்டர் ரேடியோவில் பேசினார். கப்பலில் இருக்கும் ஆள் முள்ளைக் கண்டபடி திருப்பியிருப்பான், வேறொன்றும் இருக்காது என்று அந்த மனிதர் இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை குவாலா கெடாவில் கப்பலுக்கு வந்து அதையே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

டாக்டர் நல்லவர்தான். ஆனாலும் மச்சானிடம், சனிக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டுபிடி, இல்லாவிட்டால் இன்ஜினியர் எழுதுவதைத்தான் நான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். மச்சான் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம்.

"பத்து வருசம் கரண்டு வேல பாத்த ஆளுக்கு முள்ளு திருப்பத் தெரியாதாமா? அந்த இன்ஜினியர் வரட்டும், அவன் டீயில உப்பப் போடறேன்."

"டீய வீணாக்காத மாப்ள," என்றார்.

அன்று சாயங்காலமே பின்பக்கக் கடிகாரத்தைக் கழற்றி இயந்திர அறையில் மாட்டினார். இயந்திர அறைக் கடிகாரத்தைப் பின்பக்கம் மாட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், இடம் மாறிய கடிகாரம் இயந்திர அறையில் ஒழுங்காக ஓடுகிறது. அதுவரை ஒழுங்காக ஓடியது பின்பக்கத்தில் இரண்டு நிமிடம் பின்தங்கி நிற்கிறது. ஆக, கடிகாரத்தில் குற்றமில்லை, அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர் நோட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு தோசையை மறந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முனியாண்டி அண்ணன். வலை இழுக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர், பீடோங் பக்கத்து ஆள்.

"இத பாருங்கண்ணே," என்றார் மச்சான். "நாலு, ஆறு, ரெண்டு, எட்டு, நாலு. எல்லாமே ரெட்டப்படை. ஒரு நாள்கூட மூணு இல்ல, அஞ்சு இல்ல."

"அதனால என்னா?"

"மனுசன் கை தப்பு பண்ணா ஒத்தப்படையும் வரும்லா. இது கை பண்ண தப்பு இல்ல."

பிறகு எழுந்து நின்று எங்களுக்கு நடந்து காட்டினார். தாய்க்கடிகாரம் ஒரு நிமிடம் இடதுகால் என்று கூப்பிடும், மறு நிமிடம் வலதுகால் என்று கூப்பிடும். கூப்பிட்ட காலைத்தான் கடிகாரம் எடுத்து வைக்கும். ஒரு தடவை வலதுகால் என்றது காதில் விழவில்லை என்று வையுங்கள். அடுத்து இடதுகால் என்று கூப்பிட்டால், இடதுகால்தான் ஏற்கெனவே முன்னால் இருக்கிறதே, அதனால் பேசாமல் நிற்கும். ஒரு கூப்பாடு தவறினால் இரண்டு நிமிடம் போய்விடும். சமையலறையில் அவர் இப்படி நடந்ததைப் பார்த்து மலாய்க்காரப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு என்னவோ நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்ஜினியர் வந்து பார்க்காமலே சொன்ன பொய்யை, ஆறாம் வகுப்புப் படித்தவர் தோசைத் தட்டுக்கு முன்னால் நின்று உடைத்துவிட்டார்.

"அப்ப, அந்தக் கூப்பாடு ஏன் போய்ச் சேரல?" என்று முனியாண்டி அண்ணன் கேட்டார்.

"அதான் தெரியல. ஒங்க மெசின எப்பெப்ப ஓட்டுனீங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

எண்ணெய் போடுவதற்காக அண்ணன் ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைப்பவர். இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வலையை அதிகத் தடவை இழுத்த நாளில் அதிக நிமிடம் போயிருந்தது. இழுக்காத ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே போகவில்லை.

அன்று மத்தியானம் வலை இழுக்கும்போது மச்சான் பின்பக்கத்தில் மீட்டரோடு நின்றார். இருபத்துநான்கு வோல்ட் வர வேண்டிய கம்பி அது. வலை கடலடியைவிட்டுக் கிளம்பும்போது இயந்திரம் திணறுமே, அந்த நேரத்துத் துடிப்புக்கு மீட்டர் பதினைந்துதான் காட்டியது. கடிகார முள் அசையவில்லை. அடுத்த நிமிடமும் அசையவில்லை. மூன்றாம் நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல நகர்ந்தது.

சாப்பாட்டு அறைக்கு வந்து சொன்னார். "மெசின் இழுக்கறப்ப கொஞ்சம் கொறையும், அது எந்தக் கப்பல்லயும் உள்ளதுதான். ஆனா மெசின் நிக்கறப்பவே இருவதுதான் வருது. எங்கயோ ஒண்ணு இந்தக் கம்பியில ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்கு."

நான் மெதுவாகப் போய்ச் சாமான் அறைக் கதவைச் சாத்தினேன்.

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாள். புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்கு எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் போகாத வருடம் கிடையாது. அந்த வருடம் கப்பல் கடலில் இருக்கும் என்று தெரிந்ததும், அன்னம்மாளுக்குக் கப்பலிலேயே விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டேன். கப்பலில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. சுவரில் சாமி படம் மாட்டவும் அனுமதி இல்லை. அதனால் கிளம்பிய அன்றே, சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள், அரிசி மூட்டைகளுக்கு மேலே படத்தை வைத்தேன். கரண்டுக்கு என்ன செய்வது? சமையலறைக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒல்லியாக இரண்டு கம்பிகள் போனதைப் பார்த்தேன். ஒல்லிக் கம்பிதானே, எறும்பு கடிக்கிற அளவுக்குத்தான் கரண்டு இருக்கும் என்று நினைத்தேன். அதிலிருந்து சாமான் அறைக்குள் கம்பி இழுத்து, சுங்கைப் பட்டாணியில் வாங்கிய லாரி பல்பு ஒன்றை மாட்டினேன். நிமிடத்துக்கு ஒரு தடவை பல்பு எரிந்து அணைந்தது. அன்னம்மாள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறாள் என்று சந்தோஷமாக இருந்தேன். என் முட்டாள்தனத்துக்கு ஒரு எல்லையே இல்லை.

மச்சான் அப்படிச் சொன்னபோதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயந்துவிட்டேன். வெங்காயத்தை நறுக்கினேன், நறுக்கினதையே மறுபடியும் நறுக்கினேன். மச்சான் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாகக் கம்பியைக் கழற்றி அளந்துகொண்டே வந்தார். சமையலறைக் கிளையைக் கழற்றியதும் மீட்டர் இருபத்துநான்குக்கு ஏறியது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். பின்னால் இருந்த புதுக் கம்பியைப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்தார்.

படத்தைக் கண்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"மச்சான், சத்தியமா தெரியாம பண்ணிட்டேன். பல்ப இப்பவே கழட்டிக் கடல்ல வீசிடறேன். எலி கம்பியக் கடிச்சிருச்சுன்னு எழுதிக் குடுங்க. எலி இல்லாத கப்பல் ஏது?"

"எலிக்கு லாரி பல்பு எந்தக் கடையில மாப்ள குடுத்தான்?"

"வெளையாடாதீங்க மச்சான். ஒயர் தொட்டேன்னு தெரிஞ்சா என்னை எறக்கி வுட்ருவாங்க."

அவர் பல்பைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண் கலங்கியிருந்தது. அந்தப் பிடிவாதக்கார மனிதர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று மாலை முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனத்திலேயே பெரிய கெட்டிக்காரத்தனம். பதினொரு நாளில் வலையை இழுத்தது முப்பத்தொரு தடவை. அதில் இரண்டு தடவை வலை கிழிந்து லேசாக வந்தது, இயந்திரம் திணறவில்லை. மிச்சம் இருபத்தொன்பது. இழுப்புக்கு இரண்டு நிமிடம் என்றால் ஐம்பத்தெட்டு. தன் நோட்டில் தினமும் எழுதியிருந்ததைக் கூட்டிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்த நாளில் எந்த இழுப்பில் நேரம் தவறியது என்பது முனியாண்டி அண்ணன் நோட்டில் இருந்தது. அதை வைத்து ஒவ்வொரு புட்டியின் நேரத்தையும் திருத்தி எழுதிவிடலாம். குப்பைக்குப் போக இருந்த பதினொரு நாள் வேலை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

சனிக்கிழமை, ஜூலை 30, குவாலா கெடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். கரையோரம் சேறு, பெரிய கப்பல் கிட்டே போக முடியாது. இன்ஜினியர் படகில் வந்து ஏறினார். டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் டாக்டர் அறையில் நின்றேன். சர்க்கரைதான் போட்டிருந்தேன்.

மச்சான் தன் அறிக்கையைக் கொடுத்தார். டாக்டர் படித்துவிட்டு, நோட்டுகளை வாங்கித் தானே இரண்டு நாளுக்கான கணக்கைப் போட்டுப் பார்த்தார். எழுந்து வந்து மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்ஜினியரும் அறிக்கையை வாங்கிப் படித்தார். பின்பக்கத்துக்குப் போய் மீட்டரை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து, இதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பையை மூடினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கையில் தட்டு இருந்ததால் தட்டவில்லை.

அதற்குப் பிறகு டாக்டர் அறிக்கையின் கடைசிப் பகுதிக்கு வந்தார். அதில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி: ஆய்வுக்கூடத்தில் இருபது வோல்ட்தான் வருகிறது என்று ஐந்தாம் நாளே பார்த்தேன், பழைய கம்பி என்று நினைத்து விட்டுவிட்டேன், அது என் தவறு. இரண்டாவது வரி: அனுமதியில்லாமல் பல்பு மாட்டியவர் மோரிஸ், சமையல்காரர், என் மனைவியின் தம்பி, திருநாள் வேண்டுதலுக்காக மாட்டினார்.

இந்தப் பெயரை நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிய வந்திருக்காதே என்று டாக்டர் கேட்டார். அந்த ஒரு வரியை மறைத்தால் ஐம்பத்தெட்டு நிமிடத்தையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை என்று மச்சான் பதில் சொன்னார். மலாயில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். ஒன்று மச்சானை நிரந்தரமாக்கும் கடிதம். இன்னொன்று என்னைக் கப்பலிலிருந்து இறக்கும் தாள். இன்ஜினியர் போன அதே படகில் நானும் போனேன். மச்சான் படகு வரைக்கும் என் பெட்டியைத் தூக்கி வந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றேன்.

பொய் சொல்லப் போவதில்லை. படகு கிளம்பியதும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அலோர் ஸ்டாரில் பஸ் மாறும்வரை மனசுக்குள் அவரைத் திட்டினேன். கூரூண் தாண்டும்போது, அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். எலி என்றுதான் எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு திட்ட முடியவில்லை.

திகாம் பத்துவில் இறங்கியபோது சாயங்காலம். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியோடு என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பல்பையும் சொன்னேன், நான் கெஞ்சியதையும் சொன்னேன்.

"கூடப்பொறந்த தம்பின்னு தெரிஞ்சே எழுதிக் குடுத்தாரா?" அவள் குரல் ஏறியது. "வரட்டும் அந்த மனுசன். இந்த வீட்டுல அவருக்குச் சோறு கெடையாது."

"அவரு பெர்மனென் ஆயிட்டாருக்கா."

அவள் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அவரு எழுதாம வுட்டிருந்தா யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும் வேல இருந்திருக்கும், அவருக்கும் லெட்டர் கெடச்சிருக்கும்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"நம்ம அப்பா எனக்குச் சரியான ஆளத்தான்டா பாத்திருக்காரு," என்றாள்.

வேலை போனவன் நான். ஆனாலும் அந்த நேரத்தில், அவர் என் மச்சான் என்று தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது.